முதலாளியை வாசலில் நிறுத்திய நாய்

மெட்ராஸ், 4.7.1988

அன்புள்ள மாரியாத்தாளுக்கு,

நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

என்னைப் பட்டிக்காட்டான் என்று ஏசிய முதலாளி, எல்லோர் சொல்லும் கேட்குமென்று அல்சேஷனும் ராஜபாளையமும் கலந்த நாய் வாங்கினார். உருவம் அல்சேஷன், குணம் நம்மூர். சோறு வைக்கும் எனக்கு மட்டுமே அடங்கும்.

நேற்று அவரையே பங்களா வாசலில் மறித்துவிட்டது. மெட்ராஸே கூடி வேடிக்கை பார்த்தது.

"யோவ் சமுத்திரம், நாயைப் பிடிய்யா."

"பட்டிக்காட்டானுக்குக் காது கேக்கலையே, ஐயா."

பீடியை நிதானமாகக் குடித்து முடித்துத்தான் சங்கிலியைப் பிடித்தேன்.

இன்று ஆண்டாள் தேருக்கு லீவு கேட்டேன். "நீ போயிட்டா நாங்க எப்படிய்யா வீட்டுக்குள்ள போறது?" என்று மறுத்துவிட்டார். நானில்லாமல் பங்களாவே நடக்காதென்று மம்சாபுரம் முழுக்கச் சொல். போர்வைக்கு உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, துவைக்க வேண்டாம்.

நாய் குரைக்கிறது, முடிக்கிறேன்.

சமுத்திரம்