அழிந்துபோன ரெண்டாவது சரணம்

மொரப்பூர்
12-11-2025

பாஞ்சாலி அக்காவுக்கு, முன்னப்பின்ன தெரியாத கதிரவன் வணக்கம் சொல்லிக்கிறேங்க.

உங்க போன் நம்பரும் விலாசமும் கெடைச்சுதுங்க. பேச வாய் வரல, அதான் எழுதறேன். நான் ரயில்வேயில சிக்னல் டெக்னீசியன். என் சம்சாரம் அம்பிகா போன டிசம்பர்ல காய்ச்சல்ல போயிட்டா. அவ பொட்டியில நீங்க 2001-ல பாடின கேசட் இருந்துது. ‘மொரப்பூரு டேசனுல மூணு நாளா நிக்கிறேன்.’

அக்கா, இந்தப் பாட்டை ஏன் யாருமே கேக்கல? ‘மாமா’ன்னு இழுக்கிறப்ப பம்பை மேளம் சட்டுனு நின்னுருது. உங்க குரல் மட்டும் பதினோரு செகண்ட் தனியா நிக்குது. கம்ப்யூட்டர்ல அந்தச் சத்தத்தை அலையாப் போட்டுப் பாத்தேன். துளி நடுக்கமில்ல. எப்படிங்க? ஒரு வருசமா சோத்துல உப்பு இல்லேன்னாலும் எனக்குத் தெரியறதில்ல. இதைக் கேட்டு கைமயிர் எந்திரிச்சு நின்னுது.

ஒரு மன்னிப்பு கேக்கணுங்க. ஒம்பது வயசுல அம்பிகா உங்க ரெண்டாவது சரணத்தை அழிச்சுட்டா. பதிஞ்சது அழியாம இருக்க கேசட்டு மேல வுட்டிருக்கிற ஓட்டையில பேப்பர் அடைச்சு, தானே பாடிப் பதிஞ்சிருக்கா:

ரயிலு போயி ரொம்ப நேரம்
தொட்டுப் பாத்தேன் தண்டவாளம்
இன்னும் சூடு போவலியே

கடைசியில ‘பாடியது அம்பிகா, நாலாம் கிளாஸ் பி’ன்னு வேற. தண்டவாளம் வெயில்லதான் சுடும், ரயிலால இல்ல. நிஜ சரணத்தை நீங்க போன்ல பாடி அனுப்பினா, இதை வெட்டிட்டு அதைச் சேத்துருவேன். டிசம்பர் 14 அவளுக்கு வருசம். அவளுக்குப் புடிச்ச பாட்டு அன்னிக்கு முழுசா ஒலிக்கணுங்க.

இப்படிக்கு
கதிரவன்


கம்பைநல்லூர்
19-11-2025

தம்பி கதிரவனுக்கு பாஞ்சாலி எழுதறது.

அம்பிகாப் பொண்ணு போனதைப் படிச்சு மனசு ஆறல சாமி. அந்தப் பாட்டை எங்க வூட்டுக்காரரே முழுசாக் கேட்டதில்ல. நீ செகண்டு கணக்குல அளந்திருக்கே! அது ஒண்ணுமில்ல, பம்பைக்கார வீரமணி அண்ணன் கையில இருந்து குச்சி கீழ விழுந்துருச்சு. அவரு குனிஞ்சு எடுக்கிறதுக்குள்ள குரலை வுட்டா மானம் போயிரும்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

இப்ப நான் சொல்றதைக் கேளு. ரெண்டாவது சரணமே கெடையாது. எழுதித் தர்றேன்னு சொன்ன பாட்டுக்காரர் மாது அண்ணன், டீ குடிச்சுட்டு வர்றேன்னு போனவரு பொழுது சாயறவரைக்கும் வரல. ஸ்டுடியோவுல நேரமாச்சுன்னு வெரட்டினாங்க. ‘நீ போம்மா, நான் நெரப்பறேன்’னு வீரமணி அண்ணன் அடிச்சுத் தள்ளினாரு. உம் பொண்டாட்டி அழிச்சது வெறும் பம்பைய.

பாட்டுல வர்றவ மூணு நாளா எதுக்கு அங்க நிக்கிறான்னு தெரியாமத்தான் நான் பாடினேன். ஒம்பது வயசுப் புள்ள தெரிஞ்சு சொல்லிருச்சே! வெயிலாம், வெயிலு. படிச்ச முட்டாளே!

வெட்டிடாதே சாமி. வெட்டிட்டியா இல்லியான்னு ஒடனே எழுது, எனக்குச் சோறு எறங்கல. வருசத்துக்கு நான் வரட்டுமா? அவ சரணத்தையும் சேத்து நானே பாடறேன்.

அக்கா
பாஞ்சாலி


மொரப்பூர்
24-11-2025

அக்காவுக்கு,

வெட்டலைங்க. எங்க வெட்டணும்னு கோடு போட்டு வெச்சிருந்தப்பதான் உங்க லெட்டர் வந்துது.

அவ பாட்டுக் கட்டுவான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆறு வருசம் ஒரே வூட்ல இருந்தோம். அடுப்படியில இந்தச் சரணத்தை முணுமுணுப்பா, ‘சுருதி போவுது’ன்னு கிண்டல் பண்ணுவேன். எழுதினது யாருன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல.

லெட்டரைப் படிச்சுட்டு கேசட்டையே மறுபடி போட்டுக் கேட்டேன். பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்ன சின்னதா ஒரு மூச்சு இழுக்கிறா. இரைச்சல்னு நெனச்சு கம்ப்யூட்டர்ல அதை எடுத்திருந்தேன். திரும்ப வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அழுகை வந்துருச்சுங்க அக்கா. ஒரு வருசத்துல இதான் மொதல் தடவை.

நீங்க கண்டிப்பா வாங்க. வீரமணி அண்ணனையும் பம்பையோட கூட்டிட்டு வாங்க. மொதல் சரணத்தைப் பாடிட்டு நிறுத்திக்குங்க, கோவிச்சுக்காதீங்க. நான் ஸ்பீக்கர் வெக்கிறேன். ரெண்டாவதை அம்பிகா பாடட்டும்.

உங்க தம்பி
கதிரவன்