மாஸ்டர் முன்னால் நிற்கக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினெட்டு லாரிகளுக்குக் கை காட்டிப் பின்னால் எடுக்கவைத்தேன். ஒன்றில்கூடக் கீறல் இல்லை. (ஒன்பது லாரி. போகட்டும், என் நோட்டுதானே.) கிடங்கிலிருந்து வீட்டுக்கு வந்தால் அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டாள். அவள் மகள், நம்ம பொடிசு, ஆண்டு விழா நடனத்துக்கு என் மாமா சொல்லித் தருவார், பெரிய நடனக் குழுவில் ஆடியவர் என்று வகுப்பில் சொல்லிவிட்டாளாம். டீச்சரும் சரியென்றுவிட்டார். பாட்டைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்துவிட்டார்கள், இப்போது எல்லார் போனிலும் ஓடுகிற பாப் பாட்டு. மூன்று நிமிடம். இருபத்தொன்றாம் தேதி மேடை.

குழுவில் நான் இருந்தது உண்மை. ஸ்பீக்கர் பெட்டி தூக்கினேன். எப்போதோ "ஆடினேன்" என்று ஆரம்பித்து, சொல்லச் சொல்ல எனக்கே கால் வலித்த ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா குரலை இறக்கித்தான் சொன்னாள். "போன வருஷம் பாதி ஆட்டத்துல அழுதுக்கிட்டே இறங்கி ஓடினா. அதுலேருந்து மேடைன்னாலே வயித்து வலிம்பா. இப்ப நீ இருக்கேன்னுதான் ஏறுறேன்னு சொல்லியிருக்கா. உன் பீலாவை எல்லாம் வெளியில வெச்சுக்கோ. என் பொண்ணுகிட்ட வேணாம்டா."

தலையாட்டினேன். இப்போது வயிறு எனக்கு வலிக்கிறது.

மார்ச் 4, புதன்

பாட்டை முப்பது தடவை கேட்டேன். எட்டு எட்டாக எண்ண வருகிறது. அந்த எட்டுக்குள் என்ன செய்வது?

மார்ச் 7, சனி

பள்ளிக்கூட அரங்கில் முதல் பயிற்சி. ஒன்பது பிள்ளைகள். பாட்டு ஆரம்பித்ததும் எனக்கு ஒரு ஸ்டெப்பும் தோன்றவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா, லாரிக்குக் காட்டிக் காட்டி எட்டு வருடப் பழக்கம். இரண்டு உள்ளங்கையாலும் வா, வா, வா. இடது மணிக்கட்டைச் சுழற்றி, ஸ்டீயரிங்கை ஒடி. விரல்களை முட்டியாக மடக்கி மேலே தூக்கி, நில். நிமிர்ந்து பார்த்தால் ஒன்பது பேரும் அப்படியே செய்கிறார்கள், தாளம் பிசகாமல்.

எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கும் பயல் ஒருவன் இருக்கிறான். இது எந்த ஊர் ஸ்டெப் மாஸ்டர் என்றான். வெளியூர் என்றேன். எந்த வெளியூர் என்றான். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒல்லிப் பெண் ஒருத்தி "நில்"லுக்குப் பிறகு ஒரு குதி சேர்த்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். சாயங்காலத்துக்குள் மூன்று நிமிடமும் நிரம்பிவிட்டது. டீச்சர் கைதட்டினார். பொடிசு என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வீடு வரை வந்தாள். நான் பிறவிக் கலைஞன்தான், யாரும் இதுவரை கவனிக்கவில்லை.

மார்ச் 14, சனி

ஐயோ.

விழாவன்று மேடைக்கு முன்னால் பெரியவர்கள் யாரும் நிற்கக் கூடாதாம். டீச்சர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். சரி, ஒதுங்கி நின்று பார்ப்போம் என்று நகர்ந்தேன். பாட்டு ஓடுகிறது, ஒன்பது பேரும் நட்ட கம்பு மாதிரி நிற்கிறார்கள். கண் மட்டும் என் பக்கம். பொடிசு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை நாளும் ஒருத்தரும் பாட்டைக் கேட்கவே இல்லை. டிரைவர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி என் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். கையை இறக்கினால் வண்டி நிற்கத்தான் செய்யும். நானே பழக்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

பொடிசு மறுபடி இறங்கி ஓடிட்டா? அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?

மார்ச் 17, செவ்வாய்

பிள்ளைகளிடம் உடைத்துவிட்டேன். இது லாரிக்குக் காட்டுகிற கை, நான் மேடையில் ஆடியதே இல்லை, ஸ்பீக்கர்தான் தூக்கினேன் என்றேன். கேள்விக்காரன், "ஒரு ஸ்பீக்கர் எவ்ளோ வெயிட் இருக்கும்?" என்றான். ஐம்பது கிலோ என்றேன். (இருபது இருக்கும்.)

பொடிசு மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவர்களையே கேட்டேன். பாட்டில் எந்த வார்த்தைக்கு "வா"? எந்த வார்த்தைக்கு "ஒடி"? சண்டை போட்டு முடிவு செய்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன், அவர்கள் வார்த்தையைக் கத்திக் கத்தி ஆடினார்கள். இரண்டு தடவை தடம் புரண்டது, மூன்றாவது தடவை ஓடியது.

வீட்டுக்குத் திரும்பும்போது பொடிசு என் சட்டையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள். வாசல் வந்ததும், "நாளைக்கும் வருவீங்களா மாமா?"

"வரேன். ஆனா திரும்பித்தான் உக்காருவேன்."

யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

மார்ச் 19, வியாழன்

கடைசிச் சரணத்தில் பொடிசுக்கு மட்டும் மறந்துபோகிறது. தலையைத் திருப்பி என்னைத் தேடுகிறாள். நான் கண்ணில் பட்டால் என் கைக்காகக் காத்து அப்படியே நின்றுவிடுகிறாள். படாவிட்டால் பக்கத்தில் ஒல்லியைப் பார்த்துச் சேர்ந்துகொள்கிறாள். இரண்டு நாளாக இதே கதை.

அக்கா எனக்கு மூன்றாவது வரிசையில் இடம் பிடித்து வைக்கப் போகிறாளாம், மாமாவைப் பார்த்தால் குழந்தைக்குத் தைரியம் வருமாம். பெற்றவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? தெரியவில்லை. அவள் கண்ணில் படாமல் இருப்பதென்ற என் கணக்கு தப்பாகிப்போனால்?

மார்ச் 21, சனி

காலையில் பொடிசிடம் சொன்னேன். "உள்ளதான் இருப்பேன். உன் கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டேன்." எங்கே என்று அவள் கேட்கவில்லை.

அக்கா முறைக்க முறைக்க, அரங்கின் கடைசியில் ஒரு தடித்த தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது தூணும், உரிந்த பெயின்டும், ஒருவருடைய தோளும். பாட்டு ஆரம்பித்தது. எட்டு எட்டாக எண்ணினேன். கடைசிச் சரணத்தில் முன்னால் யாரோ "அச்சச்சோ, நின்னுடுச்சு பாரு" என்றார்கள். என் வலது கை தானாக எழுந்தது. இடது கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டேன். மூன்று எட்டு போயிற்று. நாலாவதில் அந்தத் தோள்காரர் "சேர்ந்துடுச்சு!" என்று சிரித்துக் கைதட்டினார்.

பாட்டு முடிகிற வரை யாரும் மேடையை விட்டு இறங்கவில்லையாம். அக்கா வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்காமல்.

சாயங்காலம் கிடங்கு சூப்பர்வைசர் (அவரிடமும் மாஸ்டர் என்று அளந்திருந்தேன்) போனில் கூப்பிட்டு, பிள்ளைகள் எப்படி ஆடினார்கள் என்று கேட்டார்.

"நான் பாக்கலை சார். முழுசா ஆடினாங்களாம்."

எட்டு வருடமாக என் பீலாவையே கேட்டுப் பழகிய மனிதர். "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார்.