விமானத்தின் வாலில் எழுதியது

ஏற்காடு,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய ஹரிஹரன் அண்ணாவுக்கு, ஜெயபிரகாஷ் வீட்டுக் கலா எழுதுவது. பெங்களூரில் நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களைப் பற்றியும் அப்படியே எழுத ஆசைதான், பேனா ஓடவில்லை.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே போன்தான். உங்கள் மெசேஜ் வந்த சத்தம் கேட்டால் இவர் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு எழுந்து ஓடுவார். இது அவர் கண்ணில் படக்கூடாத விஷயம். அதனால்தான் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவர் அனுப்பிய மாதிரி விமானத்தின் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது, வாலுக்குக் கீழே இருக்கிற எழுத்தை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த எழுத்தை எடுக்க வேண்டாம் என்று நீங்களே இவருக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அதை எழுதியது எங்கள் தினேஷ், அண்ணா. அவன் போனது உங்களுக்குத் தெரியும். இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இவர் எலக்ட்ரீஷியனாக இருக்கிற லாட்ஜில் நீங்கள் வந்து தங்கினீர்களே, அன்றைக்கு ஹீட்டர் பார்க்க வந்த மனுஷனை உட்காரவைத்து, ஏர்ஃபோர்ஸில் நீங்கள் பழுது பார்த்த மிக்-21 விமானத்தின் கதை சொன்னீர்கள். அந்த ஹீட்டர் மட்டும் ஒழுங்காக வேலை செய்திருந்தால் என் வீட்டுச் சாமான் பாதி மிஞ்சியிருக்கும். லாட்ஜுக்குப் பின்னால் இருக்கிற பழைய ஷெட்டை முதலாளியிடம் கெஞ்சி வாங்கினார். எஸ்டேட்டில் விழுந்த சில்வர் ஓக் மரத்தை அறுத்து எலும்புக்கூடு செய்தார். பிரஸ்ஸில் அச்சடித்துக் கழித்த அலுமினியத் தகடுதான் மேல்தோல். மூக்குக்கு முன்னால் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது என் நல்ல குடையின் கம்பி. ஆணி வரிசை மாதிரி புள்ளி வைக்க, நான் தையலுக்குக் கோடு போடுகிற பல்சக்கரம் போனது. பைலட் சீட்டு பெல்ட்டுக்குப் பாவாடை நாடாவைக் கேட்டபோது, சண்டை விமானம் என் நாடாவை நம்பித்தான் பறக்குதுங்களா என்று கேட்டேன். அப்பனும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆளை விட நீளமான அந்த விமானம் அப்படித்தான் உருவானது.

தினேஷுக்கு ஒண்டிக்கடைப் பக்கம் வேன், ஜீப்புக்கெல்லாம் பெயர் எழுதுகிற வேலை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். விமானத்தில் இருக்கிற நம்பர், வட்டம், சின்னச் சின்ன எழுத்து எல்லாம் அவன் பொறுப்பு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து எறும்பு சைஸில் எழுதுவான். ஒருநாள் எல்லாம் முடித்த பிறகு, புகை வருகிற ஓட்டைக்கு மேலே, மஞ்சள் பெயின்ட்டில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதிவிட்டான். லாரிக்குப் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் தாமரை வேறு. நம் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அதைப் படித்தே வளர்ந்த பிள்ளை, வேறு என்ன எழுதுவான்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ‘நான் பிளேன் பண்றேன், நீ லாரி பண்றியா? எல்லாம் உனக்கு வெளையாட்டுத்தானா?’ என்று கத்தினார். அத்தோடு விட்டிருக்கலாம். இதில் உன் கையைப் படவிட்டது என் தப்பு என்றும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை பையனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அழி என்றார், அழிக்க மாட்டனுங்க என்றான். அதற்கப்புறம் அவன் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. சாப்பிடும்போது ரசம் வேண்டும் என்றால்கூட இரண்டு பேரும் என் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் சளைத்தவர்களில்லை. தானாகச் சரியாகும் என்று நான் பேசாமல் இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கீழே இறங்குகிற வழியெல்லாம் இவர்தான் அவனை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்போதும் இரண்டு பேரும் பேசவில்லை. பேச அவனுக்குத் தெம்பும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இவர் ரத்தத்துக்கு ஆள் தேடிப் போயிருந்த நேரம், தினேஷ் கண்ணைத் திறந்தான். ‘ஏம்மா, அப்பா அதை அழிச்சிட்டாருங்களா?’ என்று கேட்டான். இல்லை சாமி, அப்படியேதான் இருக்குது என்றேன். ‘நொம்பக் கோவமா இருக்காருங்களா? ஊட்டுக்கு வந்ததும் நானே அழிச்சுக் குடுத்தர்றேன்னு சொல்லிருங்கம்மா’ என்றான். இவர் திரும்பி வருவதற்குள் அவனை ஐ.சி.யு.வுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு அவன் பேசவில்லை. நான் யாரிடம் போய் என்ன சொல்ல?

இதை இன்றுவரை இவரிடம் நான் சொல்லவில்லை. காரியம் முடிந்த கொஞ்ச நாளில் இவரே என்னிடம் கேட்டார், ‘ஏன் கலா, நான் வைஞ்சதெல்லாம் அவன் மறந்திருப்பான் இல்ல?’ என்று. அப்பவே மறந்துட்டானுங்க, நீங்க வையிறது அவனுக்கு என்ன புதுசா என்று சொல்லிவிட்டேன். அதை நம்பிக்கொண்டுதான் இவர் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். சாகக் கிடக்கும்போதும் பிள்ளை அதையே நினைத்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தால் இந்த மனுஷனை நான் எதை வைத்துக் கட்டி நிறுத்துவேன்?

ஷெட்டைப் பல மாதம் திறக்கவே இல்லை. கண்காட்சி, கண்காட்சி என்று நீங்கள்தான் தூண்டித் தூண்டி அனுப்பினீர்கள். அதற்கு உங்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் இவர் மூக்குப் பக்கமாகவே உட்கார்ந்து வேலை பார்ப்பார், வால் பக்கம் ஒரு சாக்கைப் போர்த்தி வைத்திருப்பார். நீங்கள் எல்லாப் பக்கமும் போட்டோ கேட்டதால்தான் சாக்கு விலகியது. உங்கள் பதிலைப் படித்ததும், பார்த்தியா, அவரே சொல்லிட்டாரு என்று என்னிடம் காட்டினார். அந்த எழுத்தைப் பார்க்க முடியாமல்தான் அழிக்க நினைக்கிறார். அதற்கு உங்கள் பேச்சு ஒரு சாக்காகக் கிடைத்துவிட்டது. இதில் உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

உப்புத்தாளும் வெள்ளிப் பெயின்ட்டும் வாங்கி வைத்துவிட்டார். இங்கே ஐந்தாறு நாளாக மூட்டம். எதிரே வருகிற பஸ் தெரியவில்லை. இந்த ஈரத்தில் பெயின்ட் காயாது, மூட்டம் விலகட்டும் என்று காத்திருக்கிறார். டூரிஸ்ட் வரவில்லை என்று கடைக்காரர்களெல்லாம் வானத்தைத் திட்டுகிறார்கள். நான் மட்டும் விடிந்ததும் கதவைத் திறந்து, இன்றைக்கும் மூட்டம்தான் என்று தெரிந்த பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறேன். எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்? ஒருநாள் வெயில் வந்துதானே தீரும்?

நான் சொன்னால் இவர் கேட்க மாட்டார். ஏன் என்று கேட்பார், எனக்கு இன்னொரு பொய் சொல்ல வாய் வராது, எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். நீங்கள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ஏர்ஃபோர்ஸில் விமானத்துக்குச் சேவகம் செய்கிற பையன்கள் குறும்பாக இப்படி ஏதாவது எழுதிவைப்பதுண்டு, அது இருந்தால்தான் அசல் என்று ஒரு மெசேஜ் போடுங்கள். அப்படி வழக்கமே இல்லாவிட்டாலும் எங்களுக்காகப் போடுங்கள். கண்காட்சியில் பரிசு கிடைக்காவிட்டால் போகட்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், சிரிக்கத்தானே அவன் எழுதினான்.

உங்கள் கை பட்டுப் பறந்த விமானமெல்லாம் பத்திரமாகத் தரை இறங்கியது என்று ஒருமுறை சொன்னீர்கள். அந்தக் கை நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும் அண்ணா. உங்கள் பிள்ளைகள் எங்கே போனாலும் வீடு திரும்பட்டும்.

வீட்டுக்கு வந்து நானே அழிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் வருகிற வரைக்கும் வேறு யாரும் அதைத் தொட வேண்டாம்.

கைகூப்பிக் கேட்கும் உங்கள் தங்கை,
கலா