வலியே இல்லை என்றவன்

மிங்கோ, மேற்கு வர்ஜீனியா
மார்ச் 4

அன்புள்ள ட்ரெஸ்ஸா,

நீயும் வில்லாவும் உன் அக்கா வீட்டில் நலமா? என் போனை எடுக்க மாட்டேன் என்றாய், அதனால் எழுதுகிறேன். சுரங்கக் கூரை முதுகில் சரிந்த நாளிலிருந்து வலி மாத்திரையை விட முடியாமல் கிடக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். கத்தி வைப்பதில்லை. தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டுகிறார்கள். மரங்கொத்தி கொத்துவது போலிருக்கிறது. தாடை தானாகத் துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இயந்திரத்தை இயக்கும் பெண் ரூத்தன், "வலிச்சா சொல்லுங்க டெல்மர். இங்க வீரத்துக்கெல்லாம் மெடல் கிடையாது" என்றாள்.

இப்போது வலியே இல்லை. பழைய ஆளாகிவிட்டேன். வீட்டுக்கு வா.

உன் டெல்மர்

கொலம்பஸ், ஒஹாயோ
மார்ச் 11

டெல்மர்,

நலம். வில்லாவுக்குப் புதுப் பள்ளி பிடித்திருக்கிறது.

போதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்தபோதும் வலியே இல்லை என்றுதான் சொன்னாய். அந்த வாரமே குளியலறையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தாய். மாத்திரை மயக்கத்தை முறிக்கும் மருந்தை உன் மூக்கில் அடித்துவிட்டு, நீ மூச்சு விடுவாயா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது வில்லா பின்னால் நின்றாள். "அப்பா விளையாடறாராம்மா?" என்று கேட்டாள்.

காந்தம் உன்னைக் குணப்படுத்தினால் சந்தோஷம். நான் வரமாட்டேன்.

ட்ரெஸ்ஸா

மிங்கோ
ஏப்ரல் 2

ட்ரெஸ்ஸா,

பொய் எழுதிவிட்டேன். வலிக்கிறது. கொஞ்சம் தணிந்திருக்கிறது, அவ்வளவுதான். மழை நாளில் ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிய முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் சத்தம் மட்டும்தானாம். எனக்கு வைப்பது நிஜத் தூண்டலா, வெறும் சத்தமா என்பதையும் சோதனை முடியும்வரை சொல்ல மாட்டார்களாம்.

நேற்று என் தம்பி கார்ல் வந்தான். சட்டைப் பையைத் தட்டி, "ரெண்டு மாத்திரை இருக்கு, வேணுமா?" என்றான். முன்பெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தாலே கை நீளும். நேற்றும் ஆசை வந்தது. ஆனால் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. வேண்டாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். பிறகு தேவாலயத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாளைக்கும் வேண்டாம் என்பேனா, தெரியாது. உன்னை வரவழைக்க இதை எழுதவில்லை.

டெல்மர்

கொலம்பஸ்
ஏப்ரல் 9

அன்புள்ள டெல்மர்,

வலிக்கிறது என்று நீ என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

போகாதே என்கிறாள் அக்கா. அவள் சொல்வதும் தப்பில்லை. சனிக்கிழமை மதியம் வருகிறோம். தங்க மாட்டோம். கார்ல் அங்கே இருந்தால் அப்படியே திரும்பிவிடுவேன். நீ பீன்ஸை வேகவைத்து வை, சோளரொட்டி நான் கொண்டுவருகிறேன்.

கார் நின்றதும் வெளியே வா. நீ உன் காலால் நடந்து வருவதைப் பார்த்த பிறகுதான் வில்லாவை இறக்குவேன்.

ட்ரெஸ்ஸா