பாண்டீஸ்வரனுக்கு ஒரு பந்து

3 ஜனவரி 2025

கல்லூரி வாலிபால் அணிக்குப் பயிற்சி. பாதிப் பேர் வந்தார்கள். வந்தவர்கள் பந்தைவிடக் கைபேசியைத் திறமையாகக் கையாண்டார்கள். நானும் இதே மைதானத்தில் செட்டராக இருந்தவன். பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பது என் வேலை. அடித்துப் பெயர் வாங்குவது பாண்டீஸ்வரன் வேலை. நியாயமான பங்கீடு. அவன் கத்தாருக்குப் போன பிறகு யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். எல்லாரும் பந்தைப் பார்த்து எம்புகிறார்கள். அவன் என்னைப் பார்த்து எம்புவான்.

9 ஜனவரி

பாண்டி போன் செய்தான். "மாப்ள கலீலு, பொங்கலுக்கு வாரேன்டா. மானகிரி டோர்னமெண்ட்ல ரெண்டு பேரும் இறங்குறோம்!"

ஷூவைத் தேடினேன். ஹசீனா பார்த்துக்கொண்டே நின்றாள். "நம்ம நிக்காஹ் அன்னிக்குக்கூட இப்படிச் சிரிக்கலயே நீங்க. என்னத்தத் தேடுறீக?"

12 ஜனவரி

விழாக் கமிட்டித் தங்கச்சாமி வந்தார். பாண்டி சுழற்கோப்பை கொடுக்கிறானாம். கோப்பை கொடுப்பவர் சிறப்பு விருந்தினர். அவர் ஆடக் கூடாது. நாற்காலியில் இருக்க வேண்டும்.

"அவன் ஆடத்தாண்ணே வாரான்."

"பொன்னாடை போத்துன ஆளு மண்ணுல உருண்டா ஊரு என்ன சொல்லும்? நீங்க நடுவரா நில்லுங்க, வாத்தியாரே."

மரியாதை செய்தே ஒரு மனிதனை அசையவிடாமல் வைப்பதில் எங்களுக்கு நிகரில்லை.

13 ஜனவரி

என்னத்துக்குடா கோப்பை குடுத்த? ஒரே ஒரு ஆட்டம் — அதுகூடக் கிடையாதா எனக்கு?

16 ஜனவரி

வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. சிறப்பு விருந்தினர் முதல் பந்தை அடித்துத் தொடங்கிவைக்க வேண்டும். தூக்கிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

பழைய உயரத்துக்கே தூக்கினேன். கை மறக்கவில்லை. பாண்டி அண்ணாந்து பார்த்தான். பந்து அவன் காலடியில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது; தொடக்க விழாவில் எதற்கும் தட்டுவார்கள்.

பொன்னாடையைச் சரிசெய்வதுபோல் குனிந்தான். "தோள் போச்சுடா மாப்ள. அங்க கட்டட வேலையில சாரத்துலருந்து விழுந்தேன். கை மேல வராது. ஆசையில ஆடுறோம்னு ஒங்கிட்டச் சொல்லிட்டேன். அப்புறம் பயந்துபோய்த்தான் கோப்பையக் குடுத்தேன். நாக்காலில உக்காத்திருவாகள்ல?"

பிறகு நான் விசில் ஊதினேன். ஆட்டம் தொடங்கியது.

19 ஜனவரி

ஞாயிறு. கல்லூரியில் யாருமில்லை. பாண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். மார்பளவுக்குத் தூக்கிக் கொடுத்தேன். என் மாணவன் இப்படித் தூக்கினால் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவேன். அடித்தான், வலையில் பட்டு அவனிடமே திரும்பியது.

"இன்னொண்ணு தூக்குடா."

"இரு," என்று சொல்லிவிட்டு, வலையை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினேன்.