மணிக்குத் தெரியாத ஆங்கிலம்

1996 ஜூலை 12, வெள்ளி

நாயைச் சமாளிக்க முடியாமல் தள்ளிவிட்டேன் என்று தெருவில் பேசுகிறார்கள். தவறு. நாய்கள் காப்பகத்திலிருந்து வந்த மணிக்கு நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்வதாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

இரண்டு மாதமாக, "கம் ஹியர், மணி" என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் நாய்களிடம் எப்போதும் ஆங்கிலம்தான். பயத்தில் அவன் கட்டிலடியை விட்டு வரவேயில்லை. இன்று அவனைத் தன் வீட்டில் வளர்க்க அழைத்துப்போக வந்த கோட்டூர்புரத்து சரோஜா தரையில் உட்கார்ந்து, "இன்னாத்துக்கு நைனா பயந்துக்கினு கீற? வாடா" என்றாள். வந்து அவள் மடியில் தலை வைத்துக்கொண்டான்.

"அதுக்கு இங்கிலீசு இன்னாம்மா தெரியும்?" என்று சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. சோறு போட்டவள் நான். அவன் திரும்பிப் பார்க்காமல் அவளோடு போய்விட்டான்.

நாளை அவளுக்கு எழுத வேண்டும்: சரோஜா, மணி ராத்திரி என்னைத் தேடினானா? உள்ளதைச் சொல். போன் வேண்டாம், கடிதமாகவே பதில் போடு.