அறுபது பவுண்டு வில்லுக்கு ஏற்ற அம்பு

ஜூன் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதினால், "அவ்வளவு ஆவல்னா போன் பண்ணியிருக்கலாமே" என்பீர்கள். போனை எடுத்தால் "சாப்பிட்டீங்களா" என்பதைத் தாண்டுவதற்குள் சண்டை வந்துவிடுகிறது. இனிமேல் கடிதம்தான் என்று நீங்கள் வேலைக்காக அந்த ஊருக்குக் கிளம்பியபோதே பேசிக்கொண்டோம். நான் சொன்ன சொல் தவறவில்லை. நீங்கள்தான் நான்கு வரியோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே இயந்திரம் வந்திருக்கிறது. பழையதைவிட அதிகமாக முரண்டு பிடிக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அலமாரிக்கு மேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன மர வில் நன்றாகத்தான் இருக்கிறது. உடன் இருந்த மர அம்புகள்தான் கோணிப்போயின. கார்பன் அம்பு வாங்க நினைக்கிறேன். அந்த வில்லுக்கு எது சரிப்படும்? வில் மைதானத்தில் ஊருக்கெல்லாம் அம்பு வெட்டிக் கொடுத்தவர் நீங்கள். உங்களை விட்டு வேறு யாரைக் கேட்பேன்?

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

ஜூன் 13

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே டர்பைன் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். தலைக்கு மேல் வேலை.

குழாய் தானாக நின்றதா, யாராவது வந்து சரிசெய்தார்களா?

வில்லைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது அறுபது பவுண்டு வில், அத்தனை பலம் போட்டு இழுக்க வேண்டும். பாட்டில் மூடியைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிட்டவள் நீ. அதை யார் இழுக்கிறார்கள்? ஆளைத் தெரியாமல் அம்பு சொல்ல முடியாது. கை நீளம் வேண்டும், வலக்கையா இடக்கையா என்று தெரிய வேண்டும்.

உங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிறவர், நாம் ஒட்டகம் என்போமே, இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? சும்மா கேட்டேன்.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 20

அன்புள்ளவருக்கு,

குழாய்க்கு வாஷர் மாற்றியது நான். கடைக்காரரிடம் கேட்டு, பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

ஒட்டகம் நலம். என் தோள்வலிக்கு ரப்பர் பட்டையைக் கொடுத்து இழுக்கச் சொன்னதே அவர்தான். வலி போய்விட்டது.

அளவு கேட்டீர்கள். வலக்கை. முழுதாக இழுத்தால் இருபத்தொன்பது அங்குலம் வருகிறது. உங்களுக்கு இருபத்தேழரைதான், இல்லையா? யார் என்று மட்டும் இப்போது கேட்க வேண்டாம். அம்பைக் கேட்டால் அம்பைச் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பாருங்கள். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்கும்.

மழை நேரம். இருமல் இருந்தால் அசட்டையாக இருக்காதீர்கள்.

உங்கள் வாயாடி

ஜூன் 29

என் அன்பு வாயாடிக்கு,

நீ சொல்வதும் நியாயம்தான். நான் எதையும் கேட்கப் போவதில்லை. என்னைவிட ஒன்றரை அங்குலம் அதிகம் இழுக்கிறார் என்றால் நல்ல உயரமான ஆளாக இருக்க வேண்டும். இருக்கட்டும். யாராக இருந்தால் எனக்கென்ன.

எழுதிக்கொள். கார்பன் அம்பில் விறைப்புக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். அறுநூறு என்று போட்டதை வாங்கு. கடையில் இருப்பதிலேயே கனமான முனையைப் போடச் சொல். தண்டை வெட்டவே வேண்டாம், முழு நீளமாக இருக்கட்டும். தயங்காமல் முழுதாக இழுத்து விடச் சொல். பாதி இழுத்தால் எதுவும் தெரியாது.

உன் நண்பருக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் வீட்டுக்காரன்

ஜூலை 7

வாயாடி,

அவசரத்தில் எழுதுகிறேன். போன கடிதத்தில் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அறுநூறு வேண்டாம். முந்நூற்று நாற்பது வாங்கு. வாங்கியாகிவிட்டது என்றால் அதை வில்லில் வைக்க விடாதே. வேலை நெருக்கடியில் கை தவறிவிட்டது.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வீட்டில்தான் இருந்தாயா?

அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

உன் வீட்டுக்காரன்

ஜூலை 16

அன்புள்ளவருக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நீங்கள் போன் செய்தபோது நான் மைதானத்தில் இருந்தேன்.

முதல் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு அம்புக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனை பவுண்டு வில்லுன்னு சொன்னீங்க?"

"அறுபது."

"இது முப்பது பவுண்டுக்கு உண்டான அம்பும்மா. எண்ணு கூடக் கூட தண்டு துவளும், கனமான முனையும் வெட்டாத நீளமும் அதை இன்னும் துவள வைக்கும். அறுபதுல வச்சு முழுசா இழுத்து விட்டீங்கன்னா அங்கேயே சிம்பு சிம்பா பொளந்துக்கும். வில்லைப் பிடிச்ச கையில கார்பன் இறங்குச்சுன்னா ஆபரேஷன்தான். யாரு எழுதிக் குடுத்தது? உங்களுக்கு ஆகாதவங்களா?"

"வீட்டுக்காரர்" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

கார்பன் இறங்கிய கையை நான் எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். அது படத்தில் சரியாகக்கூடத் தெரியாது. டாக்டர் சதையைக் கிளறித்தான் தேட வேண்டும்.

கடைக்கார அம்மா முந்நூற்று நாற்பதில் ஆறு அம்பு கொடுத்தார். இரண்டுக்கு இறகு ஒட்டவில்லை. இறகு இருந்தால் அம்பின் குறையை மறைத்துவிடும், இல்லாவிட்டால் உள்ளது உள்ளபடி தெரியும் என்றார். மறுநாள் மைதானத்தில் விட்டுப் பார்த்தேன். இறகில்லாதது இடப்பக்கம் போய்க் குத்தியது. விறைப்பு கூடுதல் என்று அர்த்தம். முனையைக் கனமாக்கினேன். அப்போதும் கொஞ்சம் இடம். இன்னும் ஏற்றினேன், வலப்பக்கம் ஓடியது. அப்புறம் பின்பக்கம் அரிசியளவு, அரிசியளவாக வெட்டி வெட்டி ஒரு வாரம் மாரடித்தேன். நேற்று சாயங்காலம் இறகுள்ளதும் இல்லாததும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஆம், விட்டுப் பார்த்தது நான். இழுத்ததும் நான்தான். நீங்கள் போன பிறகு இருபத்தைந்து பவுண்டில் தொடங்கினேன். தோள் தாங்கத் தாங்க ஏற்றி, இந்த வருஷம்தான் உங்கள் வில்லைத் தொட்டேன். உங்களைவிட நான் உயரம் என்று கல்யாணப் போட்டோவில் என்னை உட்கார வைத்தது உங்களுக்கு மறந்துபோயிற்று. அளவைப் பார்த்ததும் உங்களுக்கு ஒரு ஆண்பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்தான்.

அடுத்த கடிதத்தில் சொல்லி உங்களை அசத்தலாம் என்றுதான் மறைத்தேன். நீங்கள் ஊருக்கு வரும்போது இருவரும் சேர்ந்து மைதானத்துக்குப் போகலாம் என்றுகூட ஒரு ஆசை.

கை தவறிவிட்டது என்கிறீர்கள். எண் மாறலாம். எண், முனை, நீளம் மூன்றுமேவா ஒரே பக்கமாக மாறும்? முழுதாக இழுக்கச் சொல் என்று வேறு எழுதினீர்கள். அதுவும் கை தவறியதா? மனசு கேட்காமல் திரும்ப எழுதினீர்கள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதிலும் "அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றுதான் கேட்டீர்கள்.

அவர் என்று யாரும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. நான் தாமதமாக வந்த ஒவ்வொரு நாளும் இதைத்தான் சொன்னேன். இனிச் சொல்வதாக இல்லை.

வில்லைப் பெட்டியில் கட்டி அனுப்புகிறேன். உங்கள் பொருள். அதே அறுபது பவுண்டில் எனக்கு ஒரு வில் செய்யச் சொல்லியிருக்கிறேன். அம்புகள் என் கைக்கு வெட்டியவை, அவை என்னிடமே இருக்கும். நாம் பிரிவதைப் பற்றிப் பேச வேண்டியதை என் அண்ணன் உங்களோடு பேசுவார். இனி என்னிடமிருந்து கடிதம் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாடி

ஆகஸ்ட் 2

அன்புள்ள வாயாடிக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. வில்லுக்குச் சேதம் ஒன்றும் இல்லை. நன்றாகத் துணி சுற்றி அனுப்பியிருக்கிறாய். உன் அண்ணனும் பேசினார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அவ்வளவு கனமான வில்லை நீ இழுத்தாய் என்பதை நம்புகிறேன். நம்பித்தான் ஆக வேண்டும். நான் அன்று எழுதியதைப் பற்றி நேரில் வந்து பேசுகிறேன், எழுத்தில் வரவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பெட்டி மேல் முகவரி எழுதியிருப்பது உன் கையெழுத்து இல்லை. அழுத்தி, சாய்த்து எழுதுகிற கை. உன் அண்ணன் எழுத்தும் எனக்குத் தெரியும், அவருடையதும் இல்லை.

யார் எழுதியது என்று மட்டும் எழுது. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

உன் வீட்டுக்காரன்